வேடமும் உடையும்: ஆண்களின் அன்றாட உடையில் பெண்ணுடைக் கூறுகள்

ஆய்வுச் சுருக்கம்

பெண்ணுடை எனக் கருதப்படும் ஆடை அணிகளுள் சிலவற்றை ஆண்கள் தம் அன்றாட உடையோடு இணைத்து அணியும் வழக்கம் இன்று நகரச் சூழல்களில் காணப்படுகிறது. தமிழில் இதனைப் பேச முற்படும்போது ‘பெண்வேடம்’ என்னும் சொல்லே முதலில் நினைவுக்கு வருகிறது. வேடம் என்பது ஒருவர் பிறிதொருவராகத் தோன்றுதல். மேற்சுட்டிய வழக்கத்திலோ அணிபவர் ஆணாகவே இருந்து, ஆணாகவே அறியப்படுகிறார். இவ்விரு நிலைகளையும் வேறுபடுத்திக் காட்டுவதும், உடையின் பாலெல்லை காலந்தோறும் இடம்பெயர்ந்து வந்துள்ளதை இலக்கிய, சொல்லியல், உடைவரலாற்றுச் சான்றுகள்வழி விளக்குவதும், ‘உடைக்கலப்பு’ என்னும் சொல்லின் தேவையை நிறுவுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

திறவுச்சொற்கள்: உடை, வேடம், கோலம், பாலெல்லை, உடைக்கலப்பு, கண்ணி, தோடு.

முன்னுரை

உடை உடலை மறைப்பதோடு அமைவதில்லை. அணிபவரின் பால், அகவை, சாதி, தொழில், மணநிலை ஆகியவற்றைப் பிறர்க்கு அறிவிக்கும் குறியாகவும் அது விளங்குகிறது. இவற்றுள் பாலைக் குறிக்கும் பணியே இயற்கையானது, மாறாதது என்ற எண்ணம் பரவலாக நிலவுகிறது. பெண்கள் பிரிவில் விற்கப்படும் மேற்சட்டை, கழுத்தில் முத்துமாலை, தோளில் பூவேலைப்பாடமைந்த துப்பட்டா, விரல்களில் நகப்பூச்சு என ஏதேனும் ஒரு கூறினைத் தன் வழக்கமான கால்சட்டையோடும் தாடியோடும் சேர்த்து அணியும் ஆண், இவ்வெண்ணத்தை வினாவுக்கு உள்ளாக்குகிறார். அவர் நடிகர் அல்லர்; நேர்த்திக்கடன் செலுத்துபவரும் அல்லர். கடைக்கோ அலுவலகத்துக்கோ செல்பவர். இவ்வியல்பான தன்மையே அவரைப் பற்றிப் பேசுவதைக் கடினமாக்குகிறது. அரங்கிலும் திருவிழாவிலும் ஆண் பெண்ணுடை அணிவதை ஏற்கும் சமூகம், தெருவில் அதன் ஒரு சிறு கூற்றைக் கண்டு திகைப்பது ஏன் என்னும் வினா இங்கு எழுகிறது.

வேடம் என்னும் சொல்லின் எல்லை

ஆண் பெண்ணுருக் கொள்ளும் மரபு தமிழில் நெடிது. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதை கூறும் பதினோராடல்களுள் ஒன்று, காமன் ஆடிய பேடு. மணிமேகலையின் மலர்வனம் புக்க காதையில், புகாரின் தெருவில் அப்பேடிக் கோலத்து ஆடலைச் சூழ்ந்து நின்று காண்போர் சித்திரிக்கப்படுகின்றனர். அங்கு ஆடுபவரின் தாடியும் பூ அணிந்த கூந்தலும் ஒருங்கே சுட்டப்படுதல் குறிப்பிடத்தக்கது. பாரதக் கதையில் அருச்சுனன் விராடன் நகரில் பேடியுருவில் மறைந்து வாழ்ந்த காலம் ஓராண்டு. தெருக்கூத்தில் பெண்பாத்திரங்களை ஆண்களே ஏற்பது மரபாக இருந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் காலத்துச் சிறுவர் நாடகக் குழுக்களில் ‘ஸ்திரீபார்ட்’ தனித்தேர்ச்சி வேண்டிய துறையாக மதிக்கப்பட்டது. ஒளவையார் பாத்திரத்தை ஏற்று நடித்த தி. க. சண்முகம், அப்பாத்திரப் பெயரையே அடைமொழியாகப் பெற்றார்.

சமய வழக்கிலும் இதற்கு இடமுண்டு. குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசரா விழாவில் நேர்த்திக்கடனாக ஆண்கள் காளியாகவும் பிற பெண்ணுருவங்களாகவும் கோலம் பூணுகின்றனர். கூவாகம் கூத்தாண்டவர் விழாவில் திருநங்கையரோடு, வேண்டுதல் செய்துகொண்ட ஊர் ஆண்களும் அரவானுக்குத் தாலி கட்டிக்கொள்கின்றனர்.

இச்சான்றுகள் அனைத்திலும் மூன்று பண்புகள் பொதுவாக உள்ளன. முதலாவது, காலவரையறை. கூத்து விடியலில் முடியும், விழா நிறைவுறும், அருச்சுனனின் ஆண்டும் கழியும். இரண்டாவது, களவரையறை. அரங்கோ கோயில் வெளியோ ஆடலுக்குரிய தெருவோ அக்கோலத்துக்கு இசைவளிக்கிறது. மூன்றாவது, உருமாற்றம். அணிபவர் அந்நேரத்தில் திரௌபதியாகவோ காளியாகவோ பேடியாகவோ காணப்படுகிறார். அவருடைய சொந்தப் பெயர் பின்தள்ளப்படுகிறது. வேடம், கோலம், புனைவு ஆகிய சொற்கள் இப்பண்புகளைத் தம்முள் கொண்டவை. வேடம் கலைக்கப்படும் என்ற உறுதிதான் சமூகத்தின் ஏற்புக்கு அடிப்படையாகிறது.

அன்றாட உடையில் பெண்ணுடைக் கூற்றைச் சேர்ப்பவரிடம் இம்மூன்றும் இல்லை. அவருடைய உடைக்குக் கலைக்கும் நேரம் கிடையாது; தனிக்களம் கிடையாது; அவர் வேறொருவராகவும் ஆவதில்லை. ஆகவே அவருக்கு ‘வேடம்’ என்ற சொல்லைப் பொருத்தும்போது, அவர் எதையோ நடிக்கிறார் அல்லது மறைக்கிறார் என்ற பொருள் தானாகவே வந்து சேர்கிறது.

துணிக்குப் பால் உண்டா: சொல்வழிச் சான்று

தமிழில் ஆடையைக் குறிக்கும் பழஞ்சொற்கள் பல, துணி உருவாகும் முறையிலிருந்தே பிறந்தவை. அறுக்கப்படுவது அறுவை, துணிக்கப்படுவது துணி, துண்டிக்கப்படுவது துண்டு. இவற்றில் பாற்குறிப்பு ஏதுமில்லை. இன்று பெண்ணுடைக்கே உரியதாகிவிட்ட ‘புடவை’ என்னும் சொல்லும் முன்னர்ப் பொதுவாக ஆடையைக் குறித்தது. கோயிற் பணியாளர்க்குரிய ஆடைச்செலவைக் கல்வெட்டுகள் ‘புடவை முதல்’ எனக் குறிக்கின்றன. இலங்கைத் தமிழில் ‘புடவைக் கடை’ என்பது இருபாலார்க்கும் துணி விற்கும் கடையையே குறிக்கிறது. ஒரு பொதுச்சொல் ஒரு பாலுக்கு உரியதாகச் சுருங்கிய வரலாறு இது.

வினைச்சொற்கள் இன்னும் தெளிவான சான்றளிக்கின்றன. இன்றைய பேச்சுவழக்கில் வேட்டியும் ‘கட்டப்படுகிறது’; புடவையும் ‘கட்டப்படுகிறது’. ஆணின் சட்டையும் பெண்ணின் சுடிதாரும் ‘போடப்படுகின்றன’. மொழி இங்கு வகுக்கும் பிரிவு தைத்த உடைக்கும் தையாத உடைக்கும் இடையிலானதே தவிர ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலானதன்று. தையாத நீள்துணி, கட்டும் முறையால்தான் பாலுக்கு உரியதாகிறது. கேரளத்தின் முண்டு இருபாலாராலும் உடுக்கப்படுவதும் மலாய் உலகின் சரோங் இருபாலார்க்கும் பொதுவாக அமைவதும் இத்தகையனவே.

சங்க இலக்கியமும் இக்கருத்துக்கு அரணாகிறது. பொருநராற்றுப்படையில் கரிகாலன் பொருநனுக்கு அளிக்கும் உடை, கண்பார்வை இழையோட்டத்தை அறியவியலா நுண்மையும் பூவேலைப்பாடும் பாம்பின் உரி போன்ற மென்மையும் உடையதாக வருணிக்கப்படுகிறது. இன்றைய வணிகப் பகுப்பில் இவ்வியல்புகள் யாவும் பெண்ணுடைக்கு உரியவை. அன்று அவை ஓர் ஆண் கலைஞனுக்கு வேந்தன் தந்த சிறப்பின் அடையாளங்கள். மறுபுறம், தைத்த மேலுடையாகிய மெய்ப்பை முல்லைப்பாட்டில் யவனரின் தோற்றத்தோடு இணைத்துக் கூறப்படுகிறது. அங்குத் தையல் அயன்மையின் குறியாக நிற்கிறது.

இடம்பெயர்ந்த எல்லை: பூவும் காதணியும்

பழந்தமிழ்ச் சமூகத்தில் உடைசார்ந்த பாலெல்லையே இல்லை எனக் கொள்ளுதல் பொருந்தாது. மகளிர்க்குத் தழையும் மேகலையும் சிலம்பும் உரியன; வீரர்க்குக் கழல் உரியது. எல்லை இருந்தது, ஆனால் இன்றுள்ள இடத்தில் இல்லை என்பதே கவனத்திற்குரியது.

இதற்குச் சிறந்த சான்று பூ. சங்கப் பாடல்களில் ஆண்கள் தலையில் கண்ணியும் மார்பில் தாரும் அணிகின்றனர்; மகளிர் கோதை சூடுகின்றனர். சேரர்க்குப் பனம்பூவும் சோழர்க்கு ஆத்தியும் பாண்டியர்க்கு வேம்பும் குடிப்பூக்கள். வெட்சி முதலான புறத்திணைப் பெயர்கள் சூடும் பூக்களோடு இயைந்தவை. போர்க்களத்து ஆண்மையே பூவால் அறியப்பட்டது. இன்று தமிழகத்தில் மணமாலை, வரவேற்பு மாலை போன்ற சடங்குத் தருணங்களுக்கு வெளியே ஓர் ஆண் தலையில் பூச்சூடித் தெருவில் நடப்பின் அது பெண்தன்மையாகவே படிக்கப்படும். பூ மாறவில்லை, தலையும் மாறவில்லை, படிக்கும் முறை மாறியுள்ளது.

காதணியின் வரலாறும் இவ்வாறே அமைகிறது. ஆண்கள் கடுக்கன் அணிவது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை இயல்பான வழக்கம், குடுமியும் அவ்வாறே. மேலைக்கல்வியும் அலுவலக வாழ்வும் பரவியபோது கத்தரித்த முடியும் அணியற்ற காதும் புதிய ஆண்மையின் இலக்கணங்களாயின. பின்வந்த தலைமுறை இளைஞர் ஒற்றைக் காதில் வளையம் அணிந்தபோது, பாட்டனாரின் கடுக்கன் மறக்கப்பட்டு, ‘பெண்ணைப் போல’ என்ற கண்டனமே எழுந்தது.

இருபால் அணிகளும் ஓருடலில் ஒருங்கே நிற்கும் காட்சி தமிழ்ச் சமய மரபுக்குப் புதிதன்று. மாதொருபாகன் திருமேனியில் ஒரு காதில் குழையும் மறுகாதில் தோடும் விளங்குகின்றன. ஞானசம்பந்தரின் முதற்பதிகம் இறைவனைத் தோடணிந்த செவியை முன்னிறுத்தியே அடையாளங் காட்டுகிறது. இங்கு நிகழ்வது உருமாற்றமன்று, கலப்பு. ஒன்று மற்றொன்றை மறைப்பதில்லை. எனினும் இறைமேனிக்கு வழங்கிய இசைவை மாந்தரின் அன்றாடத்துக்கு நீட்டித்த சான்றாக இதனைக் கொள்ளவியலாது. கலப்பைக் கருத்தளவில் ஏற்கும் வடிவம் மரபில் உண்டு என்ற அளவிலேயே இதன் பயன் அமைகிறது.

ஐரோப்பியச் சூழல்: துறவும் மீட்பும்

இன்றைய உலகளாவிய ஆணுடை, ஐரோப்பிய வரலாற்றின் விளைவாகும். பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் அரசவையில் ஆண்கள் பூப்பின்னல், பட்டு, பொய்முடி, உயர்ந்த குதிகால் ஆகியவற்றோடு விளங்கினர். மன்னரின் செந்நிறக் குதிகால் காலணி உயர்குடிச் சிறப்பின் அடையாளமாயிற்று. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆண்கள் இவ்வழகுக் கூறுகளைக் கைவிட்டு, பயன்பாட்டையும் எளிமையையும் முன்னிறுத்தும் இருண்ட நிற உடைக்கு மாறினர். உளவியலாளர் ஜே. சி. ஃப்ளூகல் 1930இல் வெளியிட்ட ‘உடைகளின் உளவியல்’ என்னும் பொருள்படும் நூலில் இம்மாற்றத்தை ஆண்களின் பெருந்துறவு எனப் பெயரிட்டார். அழகு பெண்ணுக்கு, பயன் ஆணுக்கு என்ற பகுப்பு அத்துறவின் எச்சமே. அப்பகுப்பு காலனியாட்சி வழியே அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் வந்து, ஆசிய நாடுகளின் ஆணுடையையும் நிறங்குன்றச் செய்தது.

துறந்ததை மீட்கும் முயற்சிகள் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இசையுலகில் வெளிப்பட்டன. 1969இல் லண்டன் ஹைட் பூங்கா நிகழ்ச்சியில் மிக் ஜாகர் அணிந்த வெண்ணிற மேலாடையும், 1971இல் பிரிட்டனில் வெளியான இசைத்தட்டின் அட்டையில் டேவிட் போவி அணிந்திருந்த நீள்கவுனும் மைக்கேல் ஃபிஷ் என்னும் உடைவடிவமைப்பாளர் ஆண்களுக்கென்றே உருவாக்கியவை. 1985ஆம் ஆண்டுத் தொகுப்பில் ழான் போல் கோத்தியே ஆண்களுக்கான பாவாடையை அறிமுகப்படுத்தினார். 1993இல் கர்ட் கோபேன் பூப்போட்ட பெண்ணுடையில் ‘தி ஃபேஸ்’ இதழின் அட்டையில் தோன்றினார். அவருடைய கலைந்த முடியும் சவரம் செய்யாத முகமும் அவ்வுடையோடு மாறாமல் இருந்தன. பெண்ணாகத் தோன்றும் முயற்சி அங்கு இல்லை. 2015இல் அலெஸ்ஸாண்ட்ரோ மிக்கேலே, கூச்சி நிறுவனத்தின் ஆணுடைக் காட்சியில் கழுத்தில் நாடா முடிச்சிட்ட மேற்சட்டைகளை ஆண்களுக்கு அணிவித்தார். 2020 டிசம்பரில் அமெரிக்க ‘வோக்’ இதழின் அட்டையில் தனித்துத் தோன்றிய முதல் ஆணாகிய ஹாரி ஸ்டைல்ஸ், பூப்பின்னல் கவுனின்மேல் ஆணுக்குரிய கறுப்பு மேலங்கியை அணிந்திருந்தார். இந்தியாவில் நடிகர் ரன்வீர் சிங் பொதுநிகழ்ச்சிகளில் பாவாடை அமைப்பிலான உடைகளோடு தோன்றியுள்ளார்.

இப்புகழ்பெற்றோரின் உடைகள் எல்லையைப் பலர் காண அசைத்தன. ஆயினும் மேடை, ஒளிப்படம், புகழ் ஆகியன மீண்டும் ஒரு வகை அரங்கையே அமைத்துத் தருகின்றன. பாலடையாளம் என்பது திரும்பத் திரும்பச் செய்யப்படும் செயல்களால் உருவாவது என்னும் ஜூடித் பட்லரின் 1990ஆம் ஆண்டுக் கருத்தாக்கத்தின்படி நோக்கினால், ஓர் இரவின் விதிவிலக்கைக் காட்டிலும் பல நாள்களின் பழக்கமே எல்லையை நிலையாக மாற்றவல்லது. இவ்விடத்தில்தான் பெயரறியா ஆண்களின் அன்றாட உடை முக்கியத்துவம் பெறுகிறது.

அன்றாட உடைக்கலப்பின் இயல்பு

அன்றாடக் கலப்பில் தையல்நுட்பம் பெரும்பங்கு வகிக்கிறது. ஆணுக்கான சட்டையில் பொத்தான்கள் அணிபவரின் வலப்பக்க விளிம்பிலும் பெண்ணுக்கான சட்டையில் இடப்பக்க விளிம்பிலும் தைக்கப்படுகின்றன. பெண் சட்டையில் மார்புப் பகுதிக்கென, தையற்காரர் ‘டாட்’ எனக் குறிக்கும் பிடிப்புத் தையல் உண்டு; தோள் அகலம் குறைவு; பை சிறிது அல்லது இல்லை. துணியோ மெல்லியது, நெகிழ்வது. நிறமும் வடிவமும் மிகுதி. மெலிந்த தோளுடைய ஓர் ஆணுக்குப் பெண்கள் பிரிவின் கம்பளி மேற்சட்டை அளவில் பொருந்தலாம். வெயில்மிகு ஊரில் மெல்லிய பருத்திக் குர்த்தி உடலுக்கு இதமாகலாம். நிறத்தின்மேல் விருப்பம், உடல் பொருத்தம், துணியின் மென்மை எனக் காரணங்கள் பல. பால் குறித்த அறிவிப்பு அவற்றுள் ஒன்றாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

கலப்பின் அமைப்பிலும் ஓர் ஒழுங்கு உண்டு. பெரும்பாலும் ஒன்றோ இரண்டோ கூறுகளே பெண்ணுடையிலிருந்து எடுக்கப்படுகின்றன. ஏனையவை ஆணுடையாகவே தொடர்கின்றன. தாடி, முடியமைப்பு, நடை, குரல், பெயர் ஆகியன மாற்றமின்றி நிற்கின்றன. முழுமையை நாடுவது வேடம். பகுதியோடு அமைவது கலப்பு. வேடத்தில் தாடி பிழையாகிவிடும். கலப்பில் தாடியும் உடையின் ஒரு பகுதி. தமிழகத்தில் குடும்ப விழாக்களில் மனைவியின் புடவைத் துணியிலேயே கணவனுக்குச் சட்டை தைத்து அணியும் வழக்கம், இக்கலப்பின் பலரும் ஏற்ற வடிவமாகும். துணி புடவையினது, தையல் ஆணினது. எதிர்ப்பு எழாமைக்குக் காரணம், தையல் பாலெல்லையைக் காத்துநிற்பதே.

ஒருதிசை இசைவு

வயல்களிலும் கட்டடப் பணியிடங்களிலும் உழைக்கும் தமிழ்ப் பெண்கள் புடவையின்மேல் ஆணின் முழுக்கைச் சட்டையை அணிந்து, தலையில் துண்டைச் சுற்றிக்கொள்வது நாள்தோறும் காணும் காட்சி. வெயிலுக்கும் சிராய்ப்புக்கும் காப்பாக அமையும் அச்சட்டையை எவரும் ஆண்வேடம் என்பதில்லை. அஃது உடைக்கலப்பின் செவ்விய வடிவம், பயன் கருதியது, பெயரே தேவைப்படாத அளவுக்கு இயல்பானது.

இவ்விசைவும் எல்லா இடத்தும் எளிதில் கிடைத்ததன்று. ஆண்களைப் போல உடுத்த விரும்பும் பெண்கள் காவல்துறையின் இசைவைப் பெறவேண்டும் என்னும் பாரிஸ் நகர ஆணை 1800இல் பிறப்பிக்கப்பட்டது; அது செல்லாதென 2013இல்தான் முறைப்படி அறிவிக்கப்பட்டது. இருப்பினும் பெண் ஆணுடை அணிவது காலப்போக்கில் பயன், விடுதலை, மேம்பாடு எனப் படிக்கப்பட்டது. ஆண் பெண்ணுடை அணிவது தாழ்வு, நகைப்பு எனப் படிக்கப்படுகிறது. இவ்வேறுபாட்டின் வேர் துணியில் இல்லை. மேலிருப்பதாகக் கருதப்படும் நிலையை நோக்கிச் செல்வதை உலகம் உயர்வாகவும், கீழிருப்பதாகக் கருதப்படும் நிலையை நோக்கிச் செல்வதை இழிவாகவும் காண்கிறது. ஆகவே பெண்ணுடைக் கூறு அணிந்த ஆணை நோக்கிய ஏளனம், பெண்மையைப் பற்றிய மதிப்பீட்டின் வெளிப்பாடாகும். உடையெல்லையைக் காக்க வன்முறை எழுவதும் வரலாற்றில் உண்டு. மேலாடை அணியும் உரிமைக்காக 1859வரை நீண்ட திருவிதாங்கூர்த் தோள்சீலைப் போராட்டம், உடையில் சாதியும் பாலும் பின்னிக் கிடந்ததைக் காட்டுகிறது.

சட்டமும் பெயரும்

ஒரு வழக்கத்துக்குத் தவறான பெயரிடுவது சொல்லளவில் முடிவதில்லை. ஒருவர் தம் பாலுக்குரியதல்லாத உடையில் பொதுவெளியில் தோன்றுவதை 1848இல் அமெரிக்காவின் கொலம்பஸ் நகரமும் 1863இல் சான் பிரான்சிஸ்கோ நகரமும் குற்றமாக்கின. பிரித்தானிய இந்தியாவில் 1871ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரையினர் சட்டத்தின் இரண்டாம் பகுதி, பதிவுசெய்யப்பட்ட ‘அலிகள்’ பெண்ணைப் போல உடுத்தியோ அணிசெய்தோ பொதுத்தெருவில் தோன்றினால் இரண்டாண்டுவரை சிறைத்தண்டனை விதிக்க வழிசெய்தது. உடையைக் கொண்டு ஆளை வகைப்படுத்தும் முறை அச்சட்டங்களில் முழு வடிவம் பெற்றது.

2014 ஏப்ரல் 15 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் தேசியச் சட்டப்பணிகள் ஆணைக்குழு வழக்கில் வழங்கிய தீர்ப்பு, ஒருவர் தாம் உணரும் பாலை உடை, சொல், செயல் ஆகியவற்றால் வெளிப்படுத்துவது அரசியலமைப்பின் 19(1)(அ) பிரிவு காக்கும் கருத்துரிமையின் பாற்பட்டது என ஏற்றது. திருநங்கையரின் வாழ்வில் இத்தீர்ப்பு பெருமதிப்புடையது. இங்கு ஒரு வேறுபாட்டைத் தெளிவுறுத்தல் வேண்டும். திருநங்கை புடவை உடுத்துவது வேடமும் அன்று, கலப்பும் அன்று. அவர் பெண்ணாகத் தம் உடையை உடுத்துகிறார். முத்துமாலை அணிந்த ஆணோ ஆணாகவே அதனை அணிகிறார். ‘பெண்வேடம்’ என்னும் ஒரே சொல்லை இருவர்க்கும் வழங்கும்போது, திருநங்கையின் பெண்மை நடிப்பாகத் தாழ்த்தப்படுகிறது. அவ்வாணின் ஆண்மை ஐயத்துக்கு உள்ளாக்கப்படுகிறது. ஒரு சொற்குறை இருவேறு மாந்தர்க்குத் தீங்கிழைக்கிறது.

பால்திரிந்தோரைச் சுட்டும் பெயரை உயர்திணையுள் வைத்து, அதற்குத் தனி ஈறு இன்மையையும் அது முடியும் முறையையும் தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் கூறுகிறது. வழக்கில் உள்ளதற்கு இலக்கணத்தில் இடந்தேடும் அம்முயற்சி, இன்றைய கலைச்சொல்லாக்கத்துக்கும் வழிகாட்டத்தக்கது.

முடிவுரை

வேடம் காலமும் களமும் உருமாற்றமும் சார்ந்தது. உடைக்கலப்பு இம்மூன்றையும் வேண்டாதது. தமிழின் ஆடைப்பெயர்களும் அணிதல் வினைகளும் துணியில் பால் உள்ளார்ந்து அமையவில்லை என்பதை உணர்த்துகின்றன. கண்ணி, கடுக்கன், புடவை என்னும் சொல் ஆகியவற்றின் வரலாறு, பாலெல்லை நகர்ந்துவந்துள்ளதற்குச் சான்றாகிறது. ஆணுடையின் இன்றைய வறுமை பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பியத் துறவின் வழிவந்தது. தமிழ் மரபின் தொன்மையைக் காட்டி அதனைக் காக்க முயல்வது பொருந்தாது. அவ்வாறே, பழமரபில் இடம் உண்டு என்பதனாலேயே இன்றைய வழக்கத்துக்கு ஏற்பு வேண்டுவதும் தேவையற்றது. புடவையின்மேல் சட்டை அணியும் பெண்ணுக்கு எவரும் இலக்கியச் சான்று கேட்பதில்லை.

‘பெண்வேடம்’ என்பதை அரங்குக்கும் சடங்குக்கும் உரியதாக நிறுத்தி, அன்றாட வழக்கத்தை ‘உடைக்கலப்பு’ எனத் தனியே சுட்டுவது ஆய்வுத் தெளிவுக்கு உதவும். இதழியல், மொழிபெயர்ப்பு, சட்டத்தமிழ் ஆகிய துறைகளில் இவ்வேறுபாடு பேணப்படுமாயின், ஒருவரின் உடையைக் கண்டவுடன் அவருடைய பாலையும் ஒழுக்கத்தையும் தீர்மானித்துவிடும் விரைவு ஓரளவேனும் குறையும்.